நெட்டுக்கும் ஒரு பைப் விடுங்கள்

ஆசிரியருக்கு,

போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் நாகர்கோவிலில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) வேக இன்டர்நெட் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறாராம், மாடி அறைக்குப் போனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதாம், கம்பெனிக்காரர்கள் பட்டப்பகலில் ஏமாற்றுகிறார்களாம். கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை. ஆனால் மார்த்தாண்டம், திருவட்டாறு, குலசேகரம் பக்கம் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தப் புகார் சொல்கிற வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் கோளாறு தெருவில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நெட் வந்து நிற்கிற பாக்ஸுக்கும் நம் கையில் இருக்கிற போனுக்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச தூரத்தை யாருமே கண்டுகொள்வதில்லை, கனெக்‌ஷன் கொடுக்க வருகிற பையனும் சொல்வதில்லை, வீடு கட்டுகிற என்ஜினீயரும் யோசிப்பதில்லை.

அந்த நாகர்கோவில்காரர் முதலில் செய்ய வேண்டியது, ஒரு லேப்டாப்பை லான் கேபிள் (வைஃபை இல்லாமல் கம்பி வழியாக நெட் இணைக்கிற வயர்) போட்டு நேராக பாக்ஸில் செருகி வேகம் பார்ப்பது. அதில் 90க்கு மேல் காட்டினால் கம்பெனி தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். 20தான் காட்டுகிறது என்றால் தாராளமாகச் சண்டை போடலாம், புகார் கொடுத்து அதற்கு எண் வாங்கி வைத்துக்கொள்ளலாம், அதிலும் தீரவில்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் எனும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியே இருக்கிறது, அவருக்கு எழுதலாம். பகலெல்லாம் நன்றாக ஓடி, ராத்திரி எல்லாரும் சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிற நேரத்தில் மட்டும் படுத்துக்கொள்கிறது என்றால் அதுவும் பெரும்பாலும் அவர்கள் பக்கத்துக் குறைதான். ஒரே ஃபைபரை, அதாவது நெட் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிளை, ஸ்பிளிட்டர் வைத்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துத்தானே தருகிறார்கள், அதற்கு மேலே கொண்டுவருகிற லைனில் கஞ்சத்தனம் செய்தால் நெரிசல் வரத்தான் செய்யும். இன்னொன்று, பிராட்பேண்டு என்று விற்க 2004 கொள்கைப்படி 256 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் கால்வாசி, இருந்தாலே போதும் என்றிருந்தது, 2013ல் அதை 512 ஆக்கினார்கள், 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, அவர்கள் பில்லில் எழுதிய வேகத்தைக் காட்டிக் கேட்பதுதான் நடக்கிற காரியம்.

கேபிளில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் குறைகிறது என்றால் பிளானை 200க்கும் 300க்கும் ஏற்றிப் பிரயோஜனமே இல்லை. இதைத்தான் பலர் செய்கிறார்கள், கஸ்டமர் கேரில் இருப்பவர்களும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். விலை குறைந்த போன்கள், கொஞ்சம் பழைய போன்கள் பலவற்றில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசை மட்டும்தான் உண்டு, ஆன்டெனாவும் ஒன்றுதான். அந்த மாதிரிப் போனுக்கு உச்ச வேகமே 72 எம்பிபிஎஸ், அதுவும் பேப்பரில். கையில் 40, 50 வந்தாலே நல்ல வரவு. அந்தப் போனை வைத்துக்கொண்டு 300 பிளான் எடுத்தாலும் 1000 பிளான் எடுத்தாலும் ஒன்றுதான். அப்புறம் டவுன்லோடு ஆகும்போது 12 என்று காட்டினால் பதறவும் வேண்டாம். அங்கே காட்டுவது மெகாபைட், பிளானில் சொல்வது மெகாபிட், எட்டால் பெருக்கிப் பார்த்தால் நூறு பக்கம் வந்துவிடும்.

சரி, பாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டில் ஃபேன் மாட்டப் போயிருந்தேன். முன்பக்கம் அந்தக் காலத்து ஓட்டு வீடு, வெட்டுக்கல் சுவர், ஒன்றரை அடி கனம் இருக்கும். பின்னால் பையன் வெளிநாட்டுப் பணத்தில் எடுத்த இரண்டு மாடி கான்கிரீட் கட்டடம். நெட் பாக்ஸ் எங்கே இருந்தது தெரியுமா, ஓட்டு வீட்டுத் திண்ணையில், மீட்டர் போர்டுக்கு மேலே, ஆணியில் தொங்குகிறது. மரப் போஸ்டில் இருந்து வந்த கேபிள் அந்தச் சுவரைத்தான் முதலில் தொடுகிறது, பக்கத்திலேயே ஒரு பிளக்கும் இருக்கிறது, வந்தவனுக்கு வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சாத்தி வைத்திருப்பது இரும்பு பீரோ. அந்த அம்மா என்னிடம், “மக்கா, துட்டு முழுசா வாங்குதாங்க, நெட்டு இந்தத் திண்ணையத் தாண்டமாட்டேங்கு”ன்னு சொன்னார். ஷார்ஜாவில் இருக்கும் மகனிடம் வீடியோ கால் பேச ராத்திரியில் திண்ணைக்கு வந்து கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறார். மகனோ அங்கிருந்து ஆன்லைனில் பிளானை ஏற்றிக்கொண்டே இருக்கிறான்.

அந்த பாக்ஸை உள்ளே, இரண்டு கட்டடமும் சேரும் நடு ஹாலில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினால் போதும் என்று பார்த்தாலே தெரிந்தது. வைஃபை என்பது ரேடியோ அலைதானே, நாலா பக்கமும் பரவுகிறது. வீட்டின் ஒரு மூலையில் வைத்தால் பாதி அலை ரோட்டுக்கும் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கும்தான் போகும். இரும்பு அதைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும், கனமான சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட்டும் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி இவற்றின் பின்னால் வைக்கவே கூடாது. டிவி ஷோகேஸ் கதவுக்குள் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்குமாம். நம் குமரி மாவட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு மழைக்காலமும் நமக்கு வருவதால் மொட்டை மாடிக்கு மேலே தகர ஷீட் போடாத வீடு குறைவு. ரப்பர் ஷீட் காயப்போடவும் துணி உலர்த்தவும் நல்லதுதான், ஆனால் அடுத்த வீட்டு மாடியில் இருந்து கிடைக்கும், மொபைல் டவரில் இருந்து கிடைக்கும் என்று நம்பியிருக்கிற சிக்னலும் அந்தத் தகரத்தில் மோதி நின்றுவிடும். ஆகவே வீட்டுக்குள் வேண்டியதை வீட்டுக்குள்ளேயே சரி செய்துகொள்வதுதான் வழி.

இடம் மாற்ற வேண்டும் என்றால் ஃபைபரை நாமே பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை, சுவர் மூலையில் ஒடித்து வளைத்து ஆணி அடித்தால் வெளிச்சம் கசிந்துவிடும், பாக்ஸில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பில் மின்னும், பிறகு ஆள் வரும்வரை காத்துக்கிடக்க வேண்டியதுதான். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் வேண்டாம், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். கனெக்‌ஷன் கொடுக்க வருகிற அன்றைக்கே கூட நின்று, தம்பி இங்கே வேண்டாம், நடு ஹால் வரை இழுத்துக் கொடு என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கேபிள் கூடுதலாகும் என்று முகம் சுளிப்பான், சாயாவுக்குக் கொடுத்தால் இழுத்துவிடுவான்.

அவன் போவதற்கு முன் இன்னொரு வேலையும் செய்யச் சொல்லுங்கள். பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும், உள்ளே நுழைய ஒரு முகவரியும் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 என்று. அதைப் போனிலேயே திறந்து பெயரையும் பாஸ்வேர்டையும் நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். போன் நம்பரையும் வீட்டுப் பெயரையும் பாஸ்வேர்டாக வைக்கிற வழக்கம் இங்கே ரொம்ப உண்டு, கேட் கல்வெட்டில் இருப்பதையே சாவியாக வைத்த கதைதான். சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் கோத்து ஒரு எண்ணும் சேர்த்தால் யாராலும் ஊகிக்க முடியாது, பாட்டிக்கும் மறக்காது. பாதுகாப்பு (செக்யூரிட்டி) என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற பூட்டு வகை இருக்க வேண்டும். பழைய பாக்ஸ்களில் டபிள்யூஇபி என்று இருந்தால் அதை வைத்துக்கொள்ளவே வேண்டாம், அது 2001லேயே உடைபட்டுப்போன பூட்டு. பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்க டபிள்யூபிஎஸ் என்று ஒரு பட்டன் வசதி இருக்கும், அதன் எட்டு இலக்க பின் நம்பரை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011லேயே தெரிந்துவிட்டது, அதையும் அணைத்து வையுங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் அட்மின் பாஸ்வேர்டை, அதாவது அந்த முகவரியில் உள்ளே நுழையக் கேட்கிற பாஸ்வேர்டை, மாற்றுவது எல்லாவற்றையும்விட முக்கியம். கேமரா, டிவி எல்லாவற்றையும் இணைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், பின்னால் மாற்றினால் ஒவ்வொன்றிலும் போய்த் திரும்பப் போட வேண்டியிருக்கும். கல்யாண வீடு, சொந்தக்காரர் வருகை என்றால் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்றைத் திறந்துவிடலாம், விசேஷம் முடிந்ததும் அணைத்துவிடலாம்.

இதெல்லாம் பெரிய பட்டணத்துக்காரர்களுக்கு, நம் ஊரில் யார் திருடப்போகிறார்கள் என்று கேட்கிறார்கள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் டிவி சேனல்களுக்குப் போன மிரட்டல் ஈமெயில், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. வைஃபை பூட்டாமல் கிடந்தது, யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள், போலீஸ் வந்து நின்றது அவர் வீட்டு வாசலில். கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள், நம் ஊராக இருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து, பாக்ஸை நடுவில் வைத்த பிறகும் மாடிக்கு எட்டவில்லை என்றால் என்ன செய்வது. முதலில் செலவில்லாத வேலை. பாக்ஸ் இரண்டு அலைவரிசையில் அனுப்புகிறது என்றால், கீழே 5 ஜிகாஹெர்ட்ஸ், மாடிக்கு 2.4 என்று பயன்படுத்திப் பார்க்கலாம். 5 வேகமாக ஓடும், ஆனால் சுவர் தாண்டுவதில் சோம்பேறி, 2.4 மெதுவானது, ஆனால் எட்டிப் போகும். நெருக்கமான தெருவாக இருந்தால் 2.4ல் சேனல் எண்ணை 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கம் அதிகம் இல்லாத ஒன்றுக்கு மாற்றலாம், இந்த மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. அடுக்களையில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் நெட் தடுமாறினால் பயப்பட வேண்டாம், அதுவும் அதே 2.4 பக்கத்தில்தான் வேலை செய்கிறது.

இவ்வளவு பார்த்தும் போதவில்லை என்றால் இரண்டாவது பாக்ஸ்தான். கடையில் போய்க் கேட்டால் சுவர் பிளக்கில் செருகுகிற ரிப்பீட்டரை எடுத்துக் கொடுப்பார்கள். விலை குறைவான ரிப்பீட்டர் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி விடுவதால் வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதையும் நெட் வராத அறைக்குள் கொண்டுபோய்ச் செருகுவார்கள், வராத இடத்தில் அது எதை வாங்கித் திருப்பிவிடும்? பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் வைத்தால்தான் ஏதாவது பலன். என் அபிப்பிராயம், லான் கேபிள் இழுத்து மாடியில் ஒரு ரூட்டர் (வைஃபை பரப்புகிற பாக்ஸ்) வைப்பதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வீட்டில் சும்மா கிடக்கிற பழைய ரூட்டரே போதும். அதற்குள் போய், இணைகிற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி என்பதை அணைத்து (அந்த வேலையைக் கீழ் பாக்ஸே பார்த்துக்கொள்ளும்), கீழ் பாக்ஸ் 192.168.1.1 என்றால் அதோடு மோதாமல் இதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கீழ் பாக்ஸின் லான் துளையில் இருந்து இதன் லான் துளைக்கே கேபிளைக் கொடுக்க வேண்டும், வெளி நெட்டுக்கான வான் துளையில் கொடுக்கக் கூடாது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதையே வைத்தால் போன் மாடிப்படி ஏறும்போது தானாக மாறிக்கொள்ளும். லான் கேபிளில் கேட்6 என்ற ரகம் வாங்குங்கள், எட்டுக் கம்பியையும் முறைப்படி கிளிப்பில் அடியுங்கள், நாலு கம்பி மட்டும் அடித்தால் 100ஐத் தாண்டாது. 100 மீட்டர் வரை ஒரே இழுப்பாகப் போகலாம், நம் வீடுகளுக்கு அது தாராளம்.

அண்ணன் தம்பி ஒரே வளவில் இரண்டு வீடு கட்டி, ஒரு கனெக்‌ஷனில் இரண்டு வீட்டையும் ஓட்டுவதும் இங்கே சகஜம். காசு வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்துக்கு விநியோகம் செய்வது அரசு விதிமுறைகளுக்கு உட்பட்ட தொழில், அதில் இறங்க வேண்டாம். சொந்தத்துக்குள் என்றாலும் லான் கேபிளைத் தென்னை மரத்தில் கட்டி ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்கு இழுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது செம்புக் கம்பி. ஐப்பசி பிறந்தால் சாயங்காலம் வருகிற இடியும் மின்னலும் எப்படி என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ இறங்கினால் கூட அந்தக் கம்பியில் மின் பாய்ச்சல் ஏறி இரண்டு வீட்டுப் பாக்ஸும் போகும், கூடவே அதில் இணைத்த டிவியும் கம்ப்யூட்டரும் போகலாம். இரண்டு வீட்டுக்கும் இரண்டு மீட்டர், இரண்டு எர்த் குழி. இரண்டு எர்த்தும் ஒரே நிலையில் இருக்காது, நடுவில் செம்பு ஓடினால் தொல்லைதான். வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்றால் ஃபைபர் இழுத்து இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரில் வரும் வெளிச்சத்தை லான் கேபிளுக்கு மாற்றித் தரும் பெட்டி) வைப்பதுதான் சரி, கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. அதிலும் தொங்கு ஃபைபரோடு சேர்ந்து ஒரு இரும்புக் கம்பி வரும், அதை வெளிச்சுவரிலேயே வெட்டிக் கட்டிவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுபோகச் சொல்லுங்கள். மின்னல் அடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கினேன் என்பார்கள், லான் கேபிள் அப்படியே செருகிக் கிடக்கும்.

கரண்ட் போனால் நெட்டும் போகிறது என்பது இன்னொரு புலம்பல். பாக்ஸ் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது, ஒரு சின்ன பல்பு அளவுதான் இழுக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பாக்ஸ் இருக்கும் பிளக்குக்கு இன்வெர்ட்டர் லைனைக் கொடுத்துவிட்டால் போதும். இல்லையென்றால் ரூட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள், வோல்ட்டும் ஆம்பியரும் அடாப்டரில் அச்சடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து மரமும் போஸ்டும் சாய்ந்த மாதிரி ஒன்று வந்தால் எந்த யூபிஎஸ்ஸும் உதவாது, அது வேறு. மழை நேரத்தில் அன்றாடம் வருகிற கரண்ட் கட்டுக்கு இது போதும்.

இப்போது நான் இந்தக் கடிதத்தை எழுதியதற்கே காரணமான விஷயம். மேலே சொன்ன திண்டாட்டம் முக்கால்வாசியும் வீடு கட்டும்போதே ஒழிந்துவிடும். மார்த்தாண்டத்தைச் சுற்றி எழும்புகிற புது வீடுகளில் ஏசிக்குத் தனி லைன், கீசருக்குத் தனி லைன், பூஜை அறையிலும் ஜெப அறையிலும் சீரியல் பல்புக்குக் கூட பாயிண்ட், சீலிங்கில் வண்ண விளக்கு, எல்லாம் கேட்கிறார்கள். நெட்டுக்கு எங்கே பைப் விடட்டும் என்று நான் கேட்டால், அதுதான் வைஃபை ஆச்சே, வயர் எதற்கு என்று திருப்பிக் கேட்கிறார்கள், சில என்ஜினீயர்களும் இதையே சொல்கிறார்கள். வைஃபைக்கும் வயர் வேண்டும். கடைசி ஒரு அறைக்கு மட்டும்தான் காற்றில் போக வேண்டும், அதுவரை வயரில்தான் போக வேண்டும்.

வேண்டியது அதிகம் ஒன்றும் இல்லை. ஃபைபர் வந்து சேரும் சிட்அவுட் (முன் வராந்தா) சுவரில் இருந்து நடு ஹாலுக்கு ஒரு பைப், ஹாலில் இருந்து மாடி ஹாலுக்கு ஒரு பைப், டிவி சுவருக்கு ஒன்று, கேமரா வைக்கப்போகிற மூலைகளுக்குக் கிளை. எல்லாம் கரண்ட் பைப்போடு சேராமல் தனியாகப் போக வேண்டும். 25 மில்லிமீட்டர் பைப் போட்டு, திருப்பங்களில் சட்டென்று மடங்கும் எல்போ வைக்காமல் மெதுவாக வளையும் பெண்டு வைத்து, உள்ளே ஒரு கட்டுக்கம்பியை விட்டு வைத்தால் கேபிளை எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். ஹாலில் அந்தப் பைப் வந்து முடிகிற இடத்தில் லிண்டல் (கதவு நிலைக்கு மேல் வரும் கான்கிரீட்) உயரத்தில் ஒரு பிளக், அதுவும் இன்வெர்ட்டர் லைனில். ஸ்லாப் கான்கிரீட் போடும் முன்பும் சுவர் பூசும் முன்பும் சொன்னால் இதற்கு ஆகிற செலவு டைல்ஸ் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. பால் காய்ச்சிக் குடியேறிய பிறகு சொன்னால் கட்டிங் மெஷின் கொண்டுவந்து புது பெயிண்ட்டைக் கிழிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைக் கேசிங்கை மாடிப்படி ஓரமாக ஒட்ட வேண்டும், இரண்டுக்கும் வீட்டுக்காரம்மா சம்மதிக்க மாட்டார்.

கம்பெனிகளுக்கும் ஒன்று கேட்கிறேன். கனெக்‌ஷன் கொடுக்கிற பையனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு வைத்து ஓட்டினால் அவன் திண்ணையில்தான் ஆணி அடிப்பான், அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு அறையிலும் வேகம் பார்த்து, பாஸ்வேர்டை வீட்டுக்காரரையே மாற்றவைத்து, அதற்கு அப்புறம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். உங்கள் பத்திரிகையும் ஞாயிற்றுக்கிழமை வீடு, மனை விளம்பரம் வருகிற பக்கத்தில் இந்தப் பைப் எங்கெங்கே போக வேண்டும் என்று ஒரு படம் போட்டால் நன்றாக இருக்கும். வரைந்து தர நான் தயார். நாகர்கோவில் வாசகருக்கு, லேப்டாப்பில் கேபிள் செருகிப் பார்த்து எவ்வளவு காட்டுகிறது என்று இந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள், மாடிக்கு என்ன செய்யலாம் என்று அதற்கு அப்புறம் பேசுவோம்.

இப்படிக்கு,
வீட்டு வயரிங் தொழிலாளி,
மார்த்தாண்டம்.